அரைப்பேர்

தகவல் கோரும் விண்ணப்பம், இலக்கம் பதினேழு.
திங்கட்கிழமை மழையோடு என் மேசைக்கு வந்தது.
உறையின் ஒரு மூலையில் கொழுந்துக் கறை.

"ஐயா,
கிளென்டோரா மேற்பிரிவுக்கு ஏறும் வழியில்
ஒரு பலகை நிற்கிறது.
கொங்கிறீட் பாதை, எண்ணூறு மீற்றர்,
முப்பத்தொரு இலட்சம் ரூபாய்,
மக்கள் பங்கேற்புடன் நிறைவு என்று
மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.
பலகை இருக்கிறது.
பாதையைக் காணவில்லை.
பங்கேற்ற மக்கள் யார் யார் என்பதையும்
அறியத் தரவும்.
இப்படிக்கு, ச. நவமணி.

பதிலைத் தபாலில் போட வேண்டாம்.
எங்கள் கடிதம் தோட்டத்து ஆபீசில் இறங்கி
யார் யாரோ படித்த பிறகுதான் லயத்துக்கு ஏறும்.
நானே வருகிறேன்."

அந்தப் பலகையின் தமிழ் என்னுடையது.
பிரதேச சபைக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன்.
'நிறைவு' என்பதா 'பூர்த்தி' என்பதா என்று
அன்றைக்கு அரை மணி நேரம் யோசித்தேன்.
பாதை இருக்கிறதா என்று
அரை நிமிடம் யோசிக்கவில்லை.

சட்டம் பதினான்கு வேலை நாள் தருகிறது.
ஐந்து நாள் கோப்பைத் தேடினோம்.
கிடைத்துவிட்டதே என்று
நாலு நாள் கவலைப்பட்டோம்.
அறைக்குள் புழுக்கம்.
'திறந்த அரசாங்க வாரம்' பதாகையைக் குறுக்கே கட்டியதிலிருந்து
எங்கள் ஜன்னலைத் திறக்க முடிவதில்லை.
"கொடுக்கத்தான் வேணும்," என்றார் செயலாளர்,
தேத்தண்ணியின் ஆடையைக் கரண்டியால் ஒதுக்கியபடி.
"கேட்டதை மட்டும் குடு."

கேட்டதை மட்டும் பிரதி எடுத்தேன்.
மக்கள் கலந்துரையாடல், வரவுப் பதிவு.
நாற்பத்து மூன்று பேர்.
நாற்பத்து மூன்று பேருக்கும்
ஒரே நீலப் பேனா.
இருபத்திரண்டாம் இடத்தில் கண் நின்றது.
பிரதி எடுக்கும் இயந்திரத்தின் வெளிச்சம்
அந்தப் பேரின் மேல் ஒருமுறை போய்
ஒருமுறை வந்தது.

பதினோராம் நாள் அவர் வந்தார்.
முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும்.
கணுக்காலில் அட்டை கடித்த இரத்தம்
இன்னும் நிற்கவில்லை.
பக்கத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்துவிட்டு
வாங்கிலில் உட்கார்ந்து
விரலை வரி வரியாக இறக்கினார்.

விரல் நின்ற இடம் எனக்குத் தெரியும்.
ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சேர்," என்றார்.
"இன்னொரு ஃபோம் இருக்கா?"

நின்றுகொண்டே எழுதினார்.
கவுண்டரின் மரம் அதிர்ந்தது.

"ஐயா,
பதில் கிடைத்தது. நன்றி.
நீங்கள் தந்த பட்டியலில் நானும் இருக்கிறேன்.
அந்தத் தேதியில் நான் டிக்கோயா ஆஸ்பத்திரியில்
பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தேன்.
அட்டை இணைத்துள்ளேன்.
என் பேருக்கு மூன்று சுழி.
கையொப்பத்தில் இரண்டு சுழிதான் இருக்கிறது.

நாள் முழுக்க மலையில் நின்றாலும்
கொழுந்து இரண்டு கிலோ குறைந்தால்
எங்களுக்கு அரைப்பேர்தான் போடுவார்கள்.
நான் போகாத கூட்டத்துக்கு
எனக்குப் பேர் போட்டது யார்?
மற்ற நாற்பத்திரண்டு பேரிடமும்
இன்று பின்னேரம் பெரட்டுக் களத்தில் கேட்கப் போகிறேன்.
அது தகவலுக்காக."

செயலாளர் அறையின் கதவு
சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

இலக்கம் பதினெட்டு.
இதைச் சிங்களத்தில் எழுத வேண்டும்.
அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம் என்று எழுதலாம்.
பாதிப் பெயர் என்றும் எழுதலாம்.
இரண்டுமே சரி. அதுதான் சிக்கல்.

அவர் காத்துக்கொண்டு நின்றார்.
பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லவில்லை.
பற்றுச்சீட்டை எடுத்து
அவர் பேரை எழுதத் தொடங்கினேன்.
மூன்றாவது சுழியில் மை திணறியது.
மறுபடி எழுதினேன்.